கேசி ஸ்டெங்கல்: இருபத்தைந்து பேரை ஆண்டவர்

அமெரிக்க மக்கள் தம் தேசிய விளையாட்டெனப் போற்றும் பேஸ்போல் ஆட்டத்திலே ஒரு நேரத்தில் களத்தில் நிற்போர் ஒன்பதின்மரே. ஆயினும் அந்த ஒன்பதின்மரைக் கொண்டு மட்டும் எந்த அணியும் ஓர் ஆண்டுப் பருவத்தைக் கடந்துவிட முடியாது. களத்துக்கு வெளியே வாங்கில் அமர்ந்து தம் முறை வருமா வராதா எனக் காத்திருப்போரும் அணியினரே. வெற்றியிலும் தோல்வியிலும் அவர்களுக்கும் பங்குண்டு. அவர்களை எண்ணிப் பார்த்து, எவரை எந்நேரத்தில் எழுப்புவது என்பதையே தம் வாழ்நாட் கலையாகக் கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சார்ள்ஸ் டிலன் ஸ்டெங்கல். உலகம் அவரைக் கேசி ஸ்டெங்கல் என்றே அறியும்.

அவருடைய வாழ்க்கையைக் கூறுமுன் அவர் அவிழ்க்க முயன்ற முடிச்சு எத்தகையது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. அக்காலத்தில் பருவத்தின் பெரும்பகுதியிலும் ஓர் அணி வைத்திருக்கக்கூடிய ஆட்டக்காரர் தொகை இருபத்தைந்து. இவர்களுட் பந்துவீச்சாளர் எத்தனை பேர், ஏனையோர் எத்தனை பேர் என்பதை அணியே தீர்மானித்தல் வேண்டும். பந்துவீச்சாளரின் கை விரைவிற் களைத்துவிடும். ஓர் ஆட்டம் முழுவதும் வீசியவருக்குச் சில நாள் ஓய்வு வேண்டும். ஆகவே பந்துவீச்சாளர் பலர் இருத்தல் நலம். ஆனால் அவர்களில் ஒருவரைக் கூட்டினால் வாங்கில் ஒருவர் குறைந்துவிடுவார். இன்னுமொரு சிக்கலும் உண்டு. ஆட்டத்தின் நடுவே வெளியே எடுக்கப்பட்டவர் அவ்வாட்டத்தில் மீண்டும் களம் புக முடியாது. துடுப்பாட்டத்தில் வலுவற்ற பந்துவீச்சாளரும் தம் முறைக்குத் துடுப்பெடுத்தே ஆகவேண்டிய காலம் அது. அவருக்குப் பதிலாக நல்ல துடுப்பாளர் ஒருவரை அனுப்பினால், அடுத்த இன்னிங்ஸில் வேறொரு பந்துவீச்சாளர் வேண்டும். ஒரு முனையை இழுத்தால் மறுமுனை குறையும் போர்வை போன்றது இக்கணக்கு.

ஸ்டெங்கல் 1890ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரிலே பிறந்தார். அந்நகர்ப் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டையும் சேர்த்து ஒலித்ததனாற் பிறந்ததே கேசி என்னும் பெயர். இளமையில் அவர் பல் மருத்துவம் கற்கத் தொடங்கினார். அவரோ இடக்கையாளர், கருவிகளோ வலக்கையாளர்க்கென ஆக்கப்பட்டவை. கல்விச் செலவுக்கென ஆடிய பேஸ்போலே ஈற்றில் அவரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. 1912ஆம் ஆண்டு செப்டெம்பரில் புரூக்ளின் அணிக்காகப் பெரிய லீக்கில் அடியெடுத்து வைத்த முதல் ஆட்டத்திலேயே நான்கு தடவை வெற்றியாக அடித்துப் பார்த்தோரை வியக்கவைத்தார்.

திறமை இருந்தும் அவர் நாள்தோறும் ஆடும் பேற்றைப் பெற்றவரல்லர். வலக்கையால் வீசப்படும் பந்து வளையும்போது இடக்கைத் துடுப்பாளரை நோக்கி வரும். இடக்கையால் வீசப்படுவதோ அவரை விட்டு விலகி ஓடும். ஆகவே எதிர்க்கையாளரின் பந்தை அடிப்பது எளிது, ஒத்த கையாளரின் பந்தை அடிப்பது அரிது என்பது அவ்விளையாட்டின் பொதுவிதி. 1916ஆம் ஆண்டு உலகத் தொடரிலே புரூக்ளின் பொஸ்டனை எதிர்த்தது. இரண்டாம் ஆட்டத்தில் பொஸ்டனுக்காக இடக்கையாளர் பேப் ரூத் பந்துவீச, ஸ்டெங்கலுக்குத் தொடக்க அணியில் இடமில்லாது போயிற்று. பின்னர் பிட்ஸ்பேர்க், பிலடெல்பியா அணிகளுக்குச் சென்று, 1921இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியை அடைந்தபோது, அதன் மனேஜர் ஜோன் மக்கிராவும் அவரை அவ்வாறே அளந்து பயன்படுத்தினார். எதிரணியில் வலக்கையாளர் வீசினால் ஸ்டெங்கல்; இடக்கையாளர் வீசினால் வேறொருவர். பாதி ஆட்டக்காரனாக மதிக்கப்படுவது அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. ஆனாலும் 1922ஆம் ஆண்டில் அவருடைய துடுப்பாட்டச் சராசரி .368 ஆக உயர்ந்ததை அவராலும் மறுக்க இயலவில்லை. மக்கிராவின் இல்லத்தில் இரவு நெடுநேரம் விழித்திருந்து ஆட்ட நுணுக்கம் பேசிய அந்நாட்களே அவருக்குப் பல்கலைக்கழகமாயின.

1923ஆம் ஆண்டு உலகத் தொடரில், புதிதாய் எழுந்த யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த முதல் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில், முப்பத்து மூன்று வயதுக் கால்களால் நான்கு தளங்களையும் சுற்றி ஓடி அவர் பெற்ற ஹோம் ரன் ஜயன்ட்ஸுக்கு வெற்றி தந்தது. மூன்றாம் ஆட்டத்தையும் அவருடைய ஹோம் ரன் ஒன்றே வென்று கொடுத்தது. எனினும் தொடரை யாங்கீஸ் வென்றது. சில வாரங்களுள் மக்கிரா அவரைப் பொஸ்டனுக்கு மாற்றிவிட்டார். வீரச்செயலும் ஒருவனுக்கு அணியில் இடத்தை உறுதிசெய்யாது என்பதை ஸ்டெங்கல் அன்றே அறிந்துகொண்டார். 1924இல் அவர் எட்னா லோசனை மணந்தார். கலிபோர்ணியாவின் கிளென்டேல் நகரம் அவர்களின் நிலையான இல்லமாயிற்று.

மனேஜராக அவர் பெயர் பெற்ற கதை நெடிது. சிறிய லீக்கில் டொலீடோ அணியை 1927இல் முதலிடத்துக்குக் கொணர்ந்தார். ஆனால் பெரிய லீக்கில், புரூக்ளினில் மூன்று ஆண்டுகளும் பொஸ்டனில் ஆறு ஆண்டுகளும் பணியாற்றியும், எட்டு அணிகள் கொண்ட லீக்கில் ஐந்தாம் இடத்துக்கு மேல் ஒருபோதும் ஏறினாரல்லர். நகைச்சுவையாகப் பேசுபவர், கோமாளித்தனம் மிகுந்தவர் என்ற பெயரே மிஞ்சியது. 1942இல் வோரன் ஸ்போன் என்ற இளம் பந்துவீச்சாளர், எதிரணியாளரை அச்சுறுத்தும்படி பந்தை அவர்மீது நெருக்கி வீசத் தயங்கியபோது, அவருக்குத் துணிவில்லை எனக் கருதி ஸ்டெங்கல் சிறிய லீக்குக்கு அனுப்பிவிட்டார். அந்த ஸ்போன் பின்னாளில் போர்முனை கண்டு மீண்டு 363 வெற்றிகளை ஈட்டினார். மனிதரை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்டவருக்கும் தராசு சில வேளைகளிற் பிழைக்கும்.

1948இல் ஓக்லண்ட் அணி, வயது முதிர்ந்த ஆட்டக்காரர் பலரைக் கொண்டே பசுபிக் கரை லீக்கின் வெற்றிக்கொடியைப் பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில், ஐம்பத்தெட்டு வயதான ஸ்டெங்கலை நியூயோர்க் யாங்கீஸ் தம் மனேஜராக நியமித்தபோது நகரமே நகைத்தது. மிக உயர்ந்த அணியை மிகத் தோற்ற மனிதரிடம் ஒப்படைத்தனர் என்று பத்திரிகையாளர் கருதினர்.

1949ஆம் ஆண்டு தொடங்கியதும் அணியின் பெருந்தூணான ஜோ டிமாஜியோ குதிகால் நோவினால் முதல் அறுபத்தைந்து ஆட்டங்களில் ஆட முடியாதவரானார். காயம் பலரையும் வாட்டியது. வேறொருவர் இதனை அழிவென்று எண்ணியிருப்பார். ஸ்டெங்கலுக்கோ இது தம் கணக்கைச் செய்து பார்க்கும் வாய்ப்பாயிற்று. மூன்றாம் தளத்தில் ஒரு நாள் இடக்கைத் துடுப்பாளர் பொபி பிரவுண், மறுநாள் வலக்கையாளர் பில்லி ஜோன்சன். வெளிக்களத்தில் ஜீன் வூட்லிங்கும் ஹாங்க் பவரும் எதிரணிப் பந்துவீச்சாளரின் கையைப் பார்த்து மாறி மாறி நின்றனர். அவ்வாண்டு ஐந்நூறு தடவைக்கு மேற் கணக்கிடப்படும் துடுப்பாட்ட வாய்ப்பைப் பெற்ற யாங்கி ஆட்டக்காரர் பில் ரிசூட்டோ ஒருவரே என்பது இம்முறை எவ்வளவு ஆழமாய் வேரூன்றியது என்பதைக் காட்டும். இதனை அவரே புதிதாய்க் கண்டார் என்பதற்கில்லை; 1914இல் ஜோர்ஜ் ஸ்டாலிங்ஸ் என்பவர் பொஸ்டன் அணியை இவ்வாறு ஆண்டு கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு உயர்த்தியிருந்தார். ஆனால் செல்வமும் புகழும் மிக்க ஓர் அணியில், தம்மை முழுமையான வீரரென எண்ணிய மனிதரைக் கொண்டு ஆண்டுக்கணக்காய் இதனை நடத்திக் காட்டியவர் ஸ்டெங்கலே.

பந்துவீச்சிலும் அவ்வாறே. அலி ரெனோல்ட்ஸ், விக் ராஷி, எடி லோபட் ஆகிய மூவரும் முன்னணியில் நின்றனர். ஜோ பேஜ் அவ்வாண்டு அறுபது ஆட்டங்களிற் பங்கெடுத்துத் தளர்ந்தோரைத் தாங்கினார். பருவத்தின் இறுதி இரு ஆட்டங்கள் எஞ்சியிருக்கையில் பொஸ்டன் ஓர் ஆட்ட வித்தியாசத்தில் முன்னே நின்றது. அவ்விரு ஆட்டங்களும் பொஸ்டனுக்கு எதிராகவே அமைந்தன. ஒக்டோபர் முதலாம் நாள் ரெனோல்ட்ஸ் தடுமாற, ஸ்டெங்கல் மூன்றாம் இன்னிங்ஸிலேயே பேஜை அழைத்தார். பேஜும் முதலில் நிலைதவற, பொஸ்டன் நான்கு ஓட்டங்கள் முன்னேறியது. அதன்பின் அவர் ஆட்டம் முடியும்வரை ஓர் ஓட்டமும் கொடுத்தாரல்லர். எட்டாம் இன்னிங்ஸில் வலக்கையாளர் ஒருவர் பொஸ்டனுக்காக வீசிக்கொண்டிருந்தார். விதிப்படி வலக்கைத் துடுப்பாளர் ஜொனி லின்டெலை வெளியே எடுத்திருத்தல் வேண்டும். ஸ்டெங்கல் அவரை விட்டுவைத்தார்; லின்டெலின் ஹோம் ரன் யாங்கீஸை 5க்கு 4 என வெல்லச் செய்தது. மறுநாள் ராஷி முழு ஆட்டத்தையும் வீசி வெற்றிக்கொடியைக் கைப்பற்றித் தந்தார். விதியை வகுத்தவரே அதனை மீறவேண்டிய நேரத்தையும் அறிந்திருந்தார்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் யாங்கீஸ் 40,000 டொலர் கொடுத்து ஜொனி மைஸ் என்ற முதிர்ந்த துடுப்பாளரை வாங்கியிருந்தது. களத்தில் நெடுநேரம் நிற்க அவர் உடல் இடந்தராது. அத்தகையோருக்கு இருபத்தைந்தில் ஓரிடத்தைக் கொடுப்பது வீண் எனப் பலர் எண்ணுவர். ஆனால் புரூக்ளினுக்கெதிரான உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், ஒன்பதாம் இன்னிங்ஸில், தளங்கள் மூன்றும் நிறைந்திருக்க, வாங்கிலிருந்து எழுந்து வந்த மைஸ் ஒரே அடியில் இரண்டு ஓட்டங்களைப் பெற்றுத் தந்தார். 1952ஆம் ஆண்டுத் தொடரிலே, முப்பத்தொன்பது வயதில், மூன்று ஹோம் ரன்களை அடித்தார்.

1949 முதல் 1953 வரை ஐந்து ஆண்டுகளும் யாங்கீஸ் தொடர்ந்து உலகத் தொடரை வென்றது. முன்னும் பின்னும் எந்த அணியும் இதனைச் செய்ததில்லை. இவ்வெற்றிகளின் உச்சக்கணங்கள் சிலவற்றில் நின்றோர் பெருவீரரல்லர் என்பது நோக்கற்பாலது. 1951ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்திலும், 1952ஆம் ஆண்டின் ஏழாம் ஆட்டத்திலும், மூன்று தளங்களும் நிறைந்த இக்கட்டான வேளையில் ஸ்டெங்கல் பொப் குசாவா என்ற இடக்கைப் பந்துவீச்சாளரை அழைத்தார். முதலாவது தடவை வரிசையாக வலக்கைத் துடுப்பாளரே எதிர்நின்றனர். இரண்டாவது தடவை ஜக்கி ரொபின்சன் எதிர்நின்றார். பொதுவிதி குசாவாவுக்கு மாறானது. முடிவோ இருமுறையும் யாங்கீஸுக்குச் சாதகமாயிற்று. 1951இல் தளங்கள் நிறைந்திருக்க அடித்து மூன்று ஓட்டங்களைக் கொணர்ந்தவரும், கடைசிப் பந்தை ஓடிச் சறுக்கிப் பிடித்தவரும், பாதி ஆட்டக்காரராய் வைக்கப்பட்டதற்காக ஸ்டெங்கல்மீது மனத்தாங்கல் கொண்டிருந்த அதே ஹாங்க் பவரே.

1956ஆம் ஆண்டில் இக்கணக்கின் இருமுகங்களும் ஒருங்கே வெளிப்பட்டன. பல்லாண்டு உழைத்த ரிசூட்டோவை ஓகஸ்ட் 25ஆம் நாள் ஸ்டெங்கலும் நிர்வாகி ஜோர்ஜ் வைஸும் அழைத்தனர். ஈனோஸ் ஸ்லோட்டர் என்ற நாற்பது வயதுத் துடுப்பாளரைச் சேர்க்கவிருப்பதால் எவரை நீக்கலாமென்று பெயர்ப்பட்டியலைப் பார்த்துச் சொல்லும்படி அவரைக் கேட்டனர். ரிசூட்டோ ஒவ்வொரு பெயராகச் சுட்ட, அவர்கள் ஒவ்வொருவரையும் வைத்திருக்கவேண்டிய காரணத்தைக் கூறினர். ஈற்றில் எஞ்சிய பெயர் தம்முடையதே என்பதை அவர் உணர்ந்தார். முன்பு புரூக்ளினில், உருவிற் சிறியவரென்று தம்மைத் திருப்பியனுப்பிய அதே மனிதரின் கையால் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. ஸ்லோட்டர் அவ்வாண்டு உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தை மூன்று ஓட்ட ஹோம் ரன்னால் வென்று கொடுத்தார் என்பதும் மெய். கணக்குச் சரியாயிற்று, ஆனால் ஒரு மனிதனைக் கொண்டே அவன் பெயரை அடிக்கச் செய்த முறை இரக்கமற்றது என்பதை அந்த வெற்றி மாற்றிவிடாது.

அத்தொடரிலேதான் பந்துவீச்சின் ஆழம் என்றால் என்னவென்பதையும் உலகம் கண்டது. இரண்டாம் ஆட்டத்தில் ஸ்டெங்கல் ஏழு பந்துவீச்சாளரை மாற்றியும் தோற்றார். அன்று இரண்டாம் இன்னிங்ஸிலேயே வெளியே எடுக்கப்பட்டவர் டொன் லார்சன். இரு ஆண்டுகளுக்கு முன் வேறோர் அணியில் மூன்று வெற்றிகளுக்கு இருபத்தொரு தோல்விகளைக் கண்டவர். அடுத்த ஐந்து ஆட்டங்களில் வைட்டி போர்ட், டொம் ஸ்டர்டிவன்ட், லார்சன், பொப் டர்லி, ஜொனி கக்ஸ் என்னும் ஐவர், ஒருவர் வீசிய ஆட்டத்தை மற்றவர் தொடாமல், முழு ஆட்டமும் வீசினர். ஒக்டோபர் 8ஆம் நாள் லார்சன் ஒருவரையும் தளமேற விடாது இருபத்தேழு பேரையும் ஆட்டமிழக்கச் செய்தார். உலகத் தொடரில் அதற்கு முன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. அதற்குப் பின்னும் நிகழவில்லை. ஒருமுறை சறுக்கியவரை மீண்டும் நம்பியழைத்த மனேஜருக்கும் அதில் ஒரு பங்குண்டு.

குறைகளை மறைத்தல் வரலாறாகாது. பெரிய லீக்கில் நிறத்தடை 1947இல் உடைந்தபின்னும் யாங்கீஸ் எட்டு ஆண்டுகள் தாழ்த்தி, 1955இலேயே தம் முதற் கறுப்பின ஆட்டக்காரராக எல்ஸ்டன் ஹவார்டைச் சேர்த்தது. ஸ்டெங்கலின் நாவும் அக்கால இழிசொற்களிலிருந்து விடுபட்டதன்று. இருபத்தைந்து இடங்களை இத்துணை நுட்பமாய் நிரப்பிய அணி, திறமை மிக்க ஒரு பெருங்கூட்டத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

1960ஆம் ஆண்டு உலகத் தொடர் அவருடைய கலைக்கு வந்த கடுஞ்சோதனை. பிட்ஸ்பேர்க்கிற்கு எதிரான முதல் ஆட்டத்தில் தம் சிறந்த பந்துவீச்சாளர் போர்டை வீசவிடாது ஆர்ட் டிட்மாரை அனுப்பினார்; அவர் முதல் இன்னிங்ஸையே முடிக்கவில்லை. கிளீட் போயர் என்ற இளைஞர் தம் முதல் வாய்ப்புக்காகத் துடுப்போடு செல்ல, இரண்டாம் இன்னிங்ஸிலேயே அவரைத் திருப்பியழைத்து வேறொருவரை ஏவினார். போர்ட் மூன்றாம், ஆறாம் ஆட்டங்களில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் விடாது வென்றார். முதல் ஆட்டத்தில் வீசியிருந்தால் மூன்றாவது முறையும் வீசியிருக்கலாம். ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து யாங்கீஸ் 55 ஓட்டங்களும் பிட்ஸ்பேர்க் 27 ஓட்டங்களும் பெற்றிருந்தும், ஏழாம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில் பில் மசரோஸ்கியின் ஹோம் ரன் கிண்ணத்தைப் பிட்ஸ்பேர்க்கிற்கு அளித்தது. ஐந்து நாட்களுக்குப் பின், எழுபது வயது நிரம்பிய ஸ்டெங்கலை யாங்கீஸ் விலக்கியது. பன்னிரண்டு ஆண்டுகளிற் பத்து லீக் வெற்றிக்கொடிகளும் ஏழு உலகத் தொடர்களும் தந்தவரின் பெயரும் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. வயதையே காரணமாக்கினர் என்று அவர் மனம் கசந்தார்.

அடுத்த ஆண்டு ரால்ப் ஹூக் மனேஜரானார். அவர் போர்டை இடைவெளி குறைத்து ஒழுங்காக வீசச் செய்தார். ஸ்டெங்கலின் கீழ் ஒருபோதும் பத்தொன்பது வெற்றிகளைத் தாண்டாத போர்ட் 1961இல் இருபத்தைந்து வெற்றிகளைப் பெற்றார். அணியும் உலகத் தொடரை வென்றது. பங்கிட்டு ஆளுதலே ஒரே வழி என்போர்க்கு இது விடையாகும். நிறைந்த பந்துவீச்சாளரைச் சேமித்து வைப்பதில் எவ்வளவு பயனோ, சேமிப்பே நோக்கமாகிவிட்டால் அவ்வளவு இழப்புமுண்டு.

1962இல் புதிதாய்ப் பிறந்த நியூயோர்க் மெட்ஸ் அணியை ஸ்டெங்கல் ஏற்றார். அறிவு அதே அறிவு. முறையும் அதே முறை. ஆனால் மாற்றி மாற்றி நிறுத்துவதற்குத் தக்க ஆட்கள் இல்லை. நாற்பது வெற்றிகளுக்கு நூற்றிருபது தோல்விகள் வந்தன. இருபுறத் தட்டிலும் இடப் பொருள் இருந்தாலன்றோ துலாக்கோலுக்கு வேலை! அவரோ தம் பேச்சினால் தோல்வியையும் மக்கள் விரும்பும் காட்சியாக்கினார். 1965இல் இடுப்பெலும்பு முறிந்து ஓய்வுபெற்றார். 1966இல் புகழாளர் மண்டபத்தில் இடம்பெற்றார். அவர் அணிந்த 37ஆம் இலக்கத்தை வேறெவருக்கும் வழங்குவதில்லையென மெட்ஸும் யாங்கீஸும் விலக்கிவைத்தன. 1975ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் கிளென்டேலில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் ஆட்டம் பெரிதும் மாறிவிட்டது. பந்துவீச்சாளருக்குப் பதிலாகத் துடுப்பெடுக்கத் தனியொருவரை நிறுத்தும் விதி 1973இல் ஒரு லீக்கிலும் 2022இல் மற்றதிலும் நிலைபெற்றது. அணித்தொகை 2020 முதல் இருபத்தாறு. அவர்களிற் பந்துவீச்சாளர் பதின்மூவருக்கு மேற்படலாகாது என்ற வரம்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்டெங்கல் ஏறத்தாழப் பத்துப் பந்துவீச்சாளரோடு ஆடியபோது வாங்கில் ஆறேழு பேர் எஞ்சினர். இன்று பதின்மூன்று பந்துவீச்சாளரை வைத்துக்கொள்ளும் அணிக்கு எஞ்சுவோர் நால்வரே. பந்துவீச்சின் ஆழம் பெருகப் பெருக, ஓரிடத்துக்கு இருவரை வைத்தாளும் அவருடைய வழி சுருங்கிவிட்டது. ஆயினும் வினா பழையதே.

பாதி வாய்ப்புப் பெற்றவனின் மனக்குறையைத் தாமே பட்டறிந்திருந்தும், ஸ்டெங்கல் அதே குறையைப் பிறருக்கும் அளித்தார். பதிலாக அவர்களுக்குக் கொடுத்தது வெற்றியிற் பங்கு. அது ஈடாகுமா என்பதை வூட்லிங்கும் பவரும் ரிசூட்டோவும் வெவ்வேறு விதமாகவே கூறியிருப்பர். ஒரு வகுப்பையோ ஒரு சபையையோ நடத்துவோர் எவரும், முன்வரிசையில் நிற்போரைக் கொண்டு மட்டும் காரியத்தை முடித்துவிட எண்ணுவது இயல்பு. பின்னே அமர்ந்திருப்போருக்கும் ஒரு நாள் உண்டு என நம்பி, அந்நாள் வரும்போது அவர்கள் பெயரை மறவாது அழைத்ததே கேசி ஸ்டெங்கலின் பெருமை.